மோசே பேசிய பேச்சு

எழுபதுகளில் வளைகுடா நாட்டு ராஸ் அல் கைமாவில் கல்குவாரி லாரியில் என் எதிரே இருவர் அமர்ந்திருந்தனர். நாள்தோறும் பருப்பும் ரொட்டியுமா என்று முகாமே உணவை மறுத்ததால், அனைவரையும் ஊருக்கு அனுப்பிவிடுவதாகப் பம்பாய்க்கார மேலாளர் அறிவித்திருந்தார். எல்லோருக்காகவும் மன்னிப்புக் கேட்கச் சென்றவர் ராமநாதபுரத்து இளைஞர். துணைக்கு வந்தவர் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்.

“வானத்துலருந்து கர்த்தர் குடுத்த மன்னா அப்பத்தையே தின்னு சலிச்சு இஸ்ரவேலரும் வனாந்தரத்துல முறுமுறுத்தாவ. மறுபடி மறுபடி முறுமுறுக்கவும், அழிச்சிருதேன்னுட்டாரு.”

“அப்புறம்ணே?”

“அவுகளுக்குத் தலைவரு மோசே போய்ப் பேசினாரு. ‘எகிப்துலருந்து கூட்டியாந்து பாலைவனத்துல கொன்னுட்டீருன்னு எகிப்துக்காரன் உம்மைத்தான ஏசுவான்?’ கர்த்தர் எறங்கி வந்துட்டாரு.”

லாரி அலுவலக வாசலில் நின்றது. இளைஞர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, இதை இந்தியில எப்படிச் சொல்றது? எனக்கு வராதே.”

“மோசேக்கும் திக்குவாய்தான்டே. எறங்கு.”