மச்சான், கொஞ்சம் பின்னாடி

எனக்குச் சுத்தமான மேசை பிடிக்கும். பின்னணி மங்கிய படமும் பிடிக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வேண்டாதது கண்ணில் படக் கூடாது.

இப்போதெல்லாம் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களின் முதல் கேள்வியே, "பின்னாடி பிளர் ஆகுமா?" என்பதுதான். முகம் பளிச்சென்று நிற்க வேண்டும், பின்னாலிருக்கும் துணிக்கொடியும் செருப்புக் குவியலும் கரைந்துவிட வேண்டும். லென்ஸை அகலத் திறந்து, ஆளை முன்னால் இழுத்தால் போதும். அதில் நான் கில்லாடி என்பார்கள், நானும் மறுப்பதில்லை.

என் மனைவியின் அண்ணன் தங்கமான மனிதர். வாயைத் திறந்தால் கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டுடியோ திறந்த அன்று குடும்பத்தை வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் கேமராவப் பாருங்க" என்றேன்.

"மொதல்ல மூடியக் கழட்டுங்க மாப்பிள்ள" என்றார்.

லென்ஸ் மூடி உண்மையிலேயே கழற்றப்படவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம், "மச்சான், நீங்க உயரம், கொஞ்சம் பின்னாடி நில்லுங்க" என்று சொல்லிவந்தேன். பாவம், நிற்பார். முதலில் ஓரடி, பிறகு மூன்றடி, கடைசியில் கதவு வரைக்கும். மற்றதை லென்ஸ் பார்த்துக்கொண்டது. பிறந்தநாள், புதுவீடு, பிள்ளைகள் பட்டம் வாங்கியது, எதிலும் அவர் சட்டை போட்ட மேகம்தான். யாராவது செல்போனை எடுத்தால், "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கோபித்துக்கொள்வேன். "பிரமாதம் மாப்பிள்ள" என்று ஒவ்வொரு முறையும் அவரே என் தோளைத் தட்டுவார்.

போன மாதம் அவர் தவறிவிட்டார். அவர் மகள் ஸ்டுடியோவுக்கு வந்து ஆல்பங்களை எல்லாம் புரட்டினாள். மாமா, மாமா என்று என் காலைச் சுற்றி வளர்ந்த பெண்.

"அடையாள அட்டையில அப்பா முறைச்சிக்கிட்டு இருக்கார் மாமா. சிரிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு போதும். ஃபோகஸ் தப்பினதுன்னு ஒதுக்கி வச்சது இருந்தாலும் குடுங்க."

இருந்தது. ஒருமுறை ஃபோகஸ் என் மனைவியைத் தாண்டிப்போய் அவர்மேல் உட்கார்ந்துவிட்டது. மனைவி மங்கல், அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், பல்லிடுக்குகூடத் தெரிகிறது.

"தேடிப் பாக்குறேன்மா" என்று சொல்லி, அவளுக்கு டீ வரவழைத்தேன். அவள் குடித்து முடிப்பதற்குள் உள்ளே போய் அதை அழித்தேன். வேறு பிரதி இல்லை என்பதையும் சரிபார்த்துக்கொண்டேன்.

இப்போது அவள் வீட்டுக் கூடத்தில் நான் எடுத்த குடும்பப் படம் ஒன்று பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் படத்தின் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து அந்த மேகத்தையே பார்க்கிறார்கள். முன்னால் பளிச்சென்று நிற்கும் எட்டுப் பேரை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபோகஸ் தப்பிய படத்தை நான் வெளியே விடுவதில்லை, அவ்வளவுதான்.