சேவூர் லைன்

அனுப்ரியா: ...இல்லீங்கய்யா, நேத்தே சொல்லியிருக்கோணும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும்னு சொல்லலீன்னா சேவூருக்குப் போற நெட்டு லைன எடுத்துருவாங்க.

ரத்தினசாமி: ஆரு எடுக்கறது?

அனுப்ரியா: லைன் கம்பெனிக்காரங்க. ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சுங்க. எடுத்துக்கச் சொல்லீரட்டுங்களா?

ரத்தினசாமி: அவசரப்படாத அம்மிணி. ஸ்டாக் விவரமெல்லாம் அதுலதான போகுது?

அனுப்ரியா: போயிட்டிருந்துச்சுங்க. உங்க தம்பி பாகம் பிரிச்சுட்டு சேவூர் யூனிட்டோட போனாரு பாருங்க... அன்னைக்கே நின்னுபோச்சு.

ரத்தினசாமி: அந்தப் பேச்ச உடு. கேமரா?

அனுப்ரியா: அதையும் அவுங்க மாத்தீட்டாங்க.

ரத்தினசாமி: செரி, இங்க நெட்டு போச்சுன்னா ஆகுமில்ல?

அனுப்ரியா: அதுக்கு ரெண்டு கம்பெனிகிட்ட வாங்கி வெச்சிருக்கனுங்க. ஒண்ணு மண்ணுக்கடியில வருது, ஒண்ணு கம்பத்து மேல வருது. ஜேசிபி வந்தாலும் செரி, காத்தடிச்சாலும் செரி, நம்ம மண்ணரை யூனிட் நிக்காது. நான் இருக்கற வரைக்கும் நெட்டு எம் பொறுப்பு.

ரத்தினசாமி: கெட்டிக்காரிதான். இருந்தாலும்... பக்கத்துல இருக்கற ஊருக்கு ஒரு கம்பி. கெடந்துட்டுப் போகுது.

அனுப்ரியா: நேராப் போகலீங்கய்யா. இங்கிருந்து அவுங்க எக்சேஞ்சு, அங்கிருந்து கோயமுத்தூரு, திரும்பி அவினாசி, அப்புறந்தான் சேவூரு. அவுங்க ரோட்டுல நமக்குன்னு ஒரு தனித்தடம்.

ரத்தினசாமி: தலையச் சுத்தி மூக்கத் தொடற கதையா...

அனுப்ரியா: சுத்துனாலும் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள போயிருமுங்க. ரெண்டு எடமும் ஒரே ஊடு மாதிரி. இங்க இண்டர்காம்ல நம்பரத் தட்டுனா அங்க அடிக்கும்.

ரத்தினசாமி: ம்...

அனுப்ரியா: இப்ப அந்த லைன்ல ஓடறதே இண்டர்காம் மட்டுந்தானுங்க. அதுலயும் ஏதோ ஃபால்ட்டு.

ரத்தினசாமி: என்ன ஃபால்ட்டு? ஒரு ஃபால்ட்டும் இல்ல.

அனுப்ரியா: தினமும் டீ நேரத்துக்கு முன்னாடி உங்க ரூம்ல இருந்து கால் போகுதுங்க. அங்க எடுக்கறாங்க. அப்புறம் ஒருத்தரும் பேசறதில்ல. கம்ப்ளெய்ண்ட் குடுக்கலாம்னு ரெக்கார்டிங்கப் போட்டுக் கேட்டேன்... வெறும் மிஷின் சத்தந்தான்.

ரத்தினசாமி: ...கேட்டுட்டியா.

அனுப்ரியா: ஆமாங்க. ரிசீவரச் சரியா வெக்கலயோன்னு சேவூருக்கே கூப்புட்டேன். சின்னவர்தான் எடுத்தாரு. ரிசீவரெல்லாம் சரியாத்தான் இருக்குது, லைன்ல மட்டும் கை வெச்சுறாதேன்னாருங்க.

ரத்தினசாமி: அவனா சொன்னான்?

அனுப்ரியா: அவரேதானுங்க.

ரத்தினசாமி: அப்ப லைன் இருக்கட்டும்னு கம்பெனிக்குச் சொல்லீரு.

அனுப்ரியா: ஏனுங்கய்யா, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. பேசோணும்னா உங்க ரெண்டு பேருகிட்டயும் செல்லு இருக்குதுங்களே?

ரத்தினசாமி: செல்லுல கூப்புட்டா பேசோணுமே கண்ணு. இதுல எம் மிஷின் ஓடறத அவன் கேப்பான், அவன் மிஷின் ஓடறத நாங் கேப்பேன். நல்லாத்தான் இருக்கறான்னு தெரிஞ்சதும் ரிசீவர வெச்சுருவோம்.