காற்று படாத இடம்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள் ஐயா. காற்று மேலே பட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. நடந்துகொண்டே பேசுகிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

மலைச்சரிவில் ஒரு பக்கம் அடைபட்டுக் கிடக்கும் அந்தப் பழைய ரயில் சுரங்கத்தில் ஒரு சிலந்தி இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கடுகளவு உடம்பு, கண் இல்லை. ஈரம் காயாத, காற்று அசையாத இருட்டுதான் அதற்கு ஒத்துக்கொள்ளும். என் இளமை முழுக்க அதன் பின்னாலேயே போயிற்று. சுரங்கக் கதவின் சாவியையும் ஆராய்ச்சி நிலையம் என்னிடம்தான் கொடுத்திருந்தது.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், தங்கமான மனிதர். விடுமுறைதானே என்று எனக்கு விளக்குப் பிடிக்க வந்தார். "உங்க எட்டுக்கால் பிள்ளைங்களுக்குக் கல்யாணம் காட்சியெல்லாம் எப்போ மச்சான்?" என்று கேலி பேசியபடி முன்னால் போனார். நான் வாசலில் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். கூரை சரிந்துவிட்டது. கற்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. அதன் வழியே அவர் குரல் வந்தது. கால் மாட்டிக்கொண்டதாம், மற்றபடி நன்றாக இருக்கிறாராம்.

சத்தம் கேட்ட சாலைப் பணியாளர்கள் தீயணைப்புக்காரர்களை அழைத்துவிட்டார்கள். மேலேயிருந்து துளை போடும் இயந்திரத்தோடு வந்தார்கள். துளை விழுந்தால் காற்று புகும். அது முட்டையிடும் பருவம். அத்தனையும் காய்ந்து உதிர்ந்துவிடும். மனிதர்கள் எங்கும் பிறக்கிறார்கள்; இது போனால் போனதுதான். நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள். இடுக்கைத் துணியால் அடைத்துவிட்டுக் கீழே சாலைக்கு இறங்கிப் போனேன்.

"உள்ள யாராவது இருக்காங்களா சார்?" என்று அவர்களின் தலைவர் கேட்டார்.

"யாரும் இல்லை. சாவி எங்கிட்டதானே இருக்கு" என்றேன். போய்விட்டார்கள்.

தங்கை போன் செய்தபோது, அவர் காலையிலேயே பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னேன். அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அவரை அநாதையாக விட்டுவிட்டேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். தினமும் துணியை எடுத்துவிட்டு, இடுக்கில் வாய் வைத்துப் பேசினேன். தண்ணீர் கேட்டார். குழாயை உள்ளே விட்டால் வலைகள் அறுந்துபோகும். அசையாமல் இருக்கச் சொன்னேன். என் பேச்சைத் தட்டாதவர், அப்படியே இருந்தார்.

"வராங்களா மச்சான்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். குரல் நின்றுவிட்டது, அந்தக் கேள்வி நிற்கவில்லை. உட்கார்ந்தால் காதருகில் கேட்கிறது.

"கட்டாயம் வருவாங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை ஐயா. நீங்கள்தான் வந்துவிட்டீர்களே.