ஒரே அலமாரியில் ரெண்டு டப்பா

அவளை இப்பக் கூப்பிடாதீங்க சிஸ்டர். வெளிய பெஞ்சுல என் பையையும் சேத்துப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, இருக்கட்டும். ஆராய்ச்சிதான் முடிஞ்சு போச்சே, எனக்குக் கொடுத்தது எந்த மாத்திரைன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கீங்களே, முதல்ல அந்தக் கவரைப் பிரிங்க. டாக்டர் வந்து கையெழுத்துப் போடணுமா? சரி, காத்திருக்கேன். இந்த நாற்காலி வேண்டாம்மா. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும் எனக்கு.

என் ஓரகத்திங்க அவ. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. ஒரே வீடு, ஒரே சமையல். முட்டி வலி மொதல்ல வந்தது எனக்கு, அதை எழுதிக்குங்க. மூணு வருஷம் கழிச்சுத்தான் அவளுக்கு வந்துச்சு. அதுலயும் போட்டி. புது மாத்திரை ஆராய்ச்சி, பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்கு எதுன்னு கொடுக்கற உங்களுக்கே தெரியாதுன்னு நோட்டீஸ் போட்டிருந்தீங்களே, அதைப் பாத்ததும் நான்தான். ஆறாவதோட நின்னவ, ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டேன். அதோட விட்டேனா? அவளையும் கூட்டிட்டு வந்தேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

மூணாவது வாரமே, அக்கா எனக்கு இப்பல்லாம் சுருக்குனு குத்தறதில்லக்காங்கறா. அடுத்த வாரம் மாடிப்படி ஏறுறா, கைப்பிடியத் தொடாம! இருபத்திரண்டு படி. கீழ நின்னு எண்ணுனேன். எங்க வீட்டுக்காரர் பேப்பரை எறக்கி வச்சுட்டுப் பாக்கறாரு. நான் தடுக்கி விழுந்தப்போ கூட பேப்பரை எறக்காத மனுஷன். நீயும் கொஞ்சம் முயற்சி பண்ணலாமில்லங்கறாரு. முட்டிய வச்சிக்கிட்டு என்னத்த முயற்சி பண்றது?

சிரிக்காதீங்க. வயித்தெரிச்சல்தான், இல்லேன்னா சொன்னேன்? வந்த நாள்லருந்து இப்படித்தான். அவ வச்ச செடிதான் பூக்கும். அவ தலைதான் நரைக்காது. நிஜ மருந்து மட்டும் எங்கிட்டயா வந்துடப் போகுது?

துணி காயப்போடுறது மொட்டை மாடியில. முன்னல்லாம் ரெண்டு பேரும் மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுவோம், நடுப்படியில உக்காந்து வீட்டு ஆம்பளைங்கள ஒரு பாட்டம் திட்டிட்டு மறுபடி ஏறுவோம். இப்ப என் வாளியையும் அவளே தூக்கிக்கறா. நீங்க உக்காருங்கக்காங்கறா. உக்காரணுமாம்! அதான் சிஸ்டர் என்னால தாங்க முடியல.

ஒரு சந்தேகம். ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் தின்னா ஏதாவது ஆயிடுமா? இல்ல, சும்மாதான் கேட்டேன். ரெண்டு டப்பாவும் ஒரே அலமாரியில இருக்கு, நம்பரைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்ல, அதான்.

டாக்டர் போட்டுட்டாரா? பிரிங்க, பிரிங்க. என்னுது... மாவா. தெரியும். நான்தான் சொன்னேனே. அவளோடது?

என்னது? நம்பரை ஒழுங்காப் பாருங்க. அவளுக்குமா? ரெண்டும் மாவா? அப்ப அந்த இருபத்திரண்டு படியை எதைத் தின்னுட்டு ஏறுனா? பாத்தீங்களா, வெறும் மாவுல கூட அவளுக்குத்தான் குணமாகுது.

அப்ப நான்தான் பைத்தியக்காரி. ரெண்டு மாசமா, புது டப்பா வர்றப்பல்லாம், அவ குளிக்கப் போற நேரம் பாத்து அவளோடதை என் டப்பாவுலயும் என்னுதை அவளோடதுலயும் கொட்டி மாத்தி... அவளோடதைத் தின்னும் எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு நெனச்சு நெனச்சு... மொறைக்காதீங்க சிஸ்டர். மாவுக்கு மாவு சரியாப் போச்சில்ல? இதையும் எழுதணுமா? எழுதிக்குங்க.

நான் மாத்துனதை வேணா அவகிட்ட சொல்லிக்குங்க. மாவுன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. கேட்ட நிமிஷமே முட்டி புடிச்சுக்கும் அவளுக்கு. அப்புறம் என் வாளியை யாரு தூக்குறது?