மேசையின் மறுபக்கம் அமர்ந்த டாக்டரம்மாவுக்கு

மறதியின் மறைவிடங்களை மனம் சலியாமல் துருவிய மாண்பினீர்! முதியோர் நினைவாற்றல் ஆய்வுப் பிரிவின் முதுகெலும்பே! எங்கள் டாக்டரம்மாவே! வணக்கம்.

முப்பது ஆண்டுகள் முதியோரை எதிரே அமர்த்தி, ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் பேச்சுக்கொடுத்துவிட்டு, அவற்றைத் திருப்பிக் கேட்டீர்கள். வயதால் வரும் மறதி எது, நோயால் வரும் மறதி எது என்று பிரித்தறிந்தீர்கள். தாங்கள் மணி கேட்டால் சுவர்க்கடிகாரமே பதறி முன்னால் ஓடும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும் தங்கள் குரலைக் கேட்டுக் கேட்டு, மின்தூக்கி ஏழாம் மாடியில் நிற்பதையே விட்டுவிட்டது. இயந்திரத்தில் குறையில்லை என்று பழுதுபார்ப்பவர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

சென்ற மாதம் எங்களை அச்சம் பிடித்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குச் சொற்களைச் சொன்னீர்கள். திருப்பிக் கேட்க வாய் திறந்தீர்கள். எந்த ஐந்தைச் சொன்னோம் என்பது தங்கள் நினைவுக்கே வரவில்லை.

"என்ன டாக்டரம்மா, நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார் அவர். அறையே சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை.

அன்று மாலையே, "என்னைச் சோதிச்சுப் பாருங்கப்பா" என்றீர்கள். எப்படிச் சோதிப்பது? இங்குள்ள சொற்பட்டியல் அத்தனையும் தாங்கள் ஆக்கியவை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். ஆகவே ஓட்டுநர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஆளுக்கொரு சொல் கொடுத்துப் புதிதாய் ஒன்று புனைந்தோம். கணக்கர் கொடுத்த சொல் அவருக்கே நினைவில்லாததால் தள்ளுபடியானது.

தலைமைச் செவிலியர் கேட்டார். தாங்கள் விடை சொன்னீர்கள். "அஞ்சும் சரிதானேடி?" என்று அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தீர்கள்.

"அதை டாக்டர்கள் குழுதான் சொல்லணும்மா. கேட்டவங்க முடிவு சொல்லக்கூடாதுன்னு நீங்க போட்ட சட்டமாச்சே" என்றவர், மருந்தறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இதெல்லாம் தங்கள் பிரிவுபசார மடலில் வேண்டாமே என்றோம். "எழுதுங்க. மறைச்சாத்தான் எனக்குப் பயம் ஜாஸ்தி" என்றீர்கள். எழுதிவிட்டோம், எங்கள் பயம் எள்ளளவும் குறையவில்லை.

திங்கட்கிழமை முடிவு வருகிறது. எங்கள் முகங்களைப் பார்த்து ஊகிக்க முயலாதீர்கள், எங்களுக்கும் தெரியாது. நல்லதாயினும் அல்லதாயினும், தாங்கள் பிறர்க்குச் சொன்ன விதத்திலேயே சொல்வோம்: கதவைச் சாத்தி, அருகில் அமர்ந்து, கையைப் பற்றி, ஒன்றையும் குறைக்காமல்.

நெடுநாள் நலமோடு வாழ்க! நினைவோடு வாழ்க! எங்கள் பெயர்கள் ஒவ்வொன்றாய் நழுவினாலும் வாழ்க! தினம் ஒருவராய் வந்து, இன்னார் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

தங்களை விட்டுப் பிரிய மனமில்லாத
ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள்