மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை

வயது வந்த ஒவ்வொருவரும் உயில் எழுதி வைப்பது நல்லது. இந்தக் கருத்தை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். நேற்று நான் சொன்னதை ஏட்டையா எழுதிப் படித்துக் காட்டினார். நடந்தது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் பக்கத்து நியாயங்கள் மட்டும் விடுபட்டிருந்தன. அதனால் என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

என் பெயர் யேசுதாஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆலையில் என்னை ‘உயில் தாஸ்’ என்று கூப்பிடுவார்கள். கேன்டீனில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ‘எழுதிட்டியா’ என்று கேட்பேன். எங்கள் வேலை அப்படி. காலையில் டிபன் டப்பாவோடு ஒருவன் உள்ளே போவான், மாலையில் டப்பா மட்டும் வெளியே வருவதும் உண்டு. ஆனால் நம் ஆட்கள் பைக்குக்கு இன்சூரன்ஸ் போடுவார்கள், செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுவார்கள், உயில் என்றால் மட்டும் எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

என் அண்ணன் பென்னிக்கும் அந்த நோய் இருந்தது. எங்கள் அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். எங்கள் வம்சத்தில் உயில் எழுதுகிற அளவுக்குச் சொத்து சேர்த்த முதல் ஆள் அண்ணன்தான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்து, நிலம் வாங்கி, மாடி வைத்த வீடு கட்டினார். ஐம்பது வயது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே நானும் என் மனைவி மெர்சியும் பிள்ளைகளும், மேலே ஒற்றை அறையில் அவர். வாடகை என்ற பேச்சே கிடையாது. அதற்காக நான் சும்மா இருக்கவில்லை. ஹாலுக்கு டைல்ஸ் போட்டது நான், கிரில் கேட் வைத்தது நான், தண்ணீர்த் தொட்டிக்கு ஆலையிலிருந்து கனமான இரும்புத் தகடு கொண்டுவந்து மூடி செய்து போட்டதும் நான். சட்டம் இதையெல்லாம் பார்ப்பதில்லை. எங்களுக்கு ஷைனி என்று ஒரு தங்கை, காட்டுப்பள்ளியில் இருக்கிறாள். அண்ணன் எழுதாமல் கண்ணை மூடினால் வீட்டில் பாதி அவளுக்குப் போகும். ஷைனி நல்ல பெண். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் கேக் கொண்டுவருவாள். கேக் வேறு, பாகம் வேறு.

ஆகவே அண்ணனிடம் எடுத்துச் சொன்னேன். அவர் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“நான் இன்னா நாளைக்கேவா போயிடப் போறேன்? சரி, எழுதிக்கினு வா தாஸு, கையெழுத்து போட்டுடறேன்” என்றார்.

எழுதுவதற்கு வக்கீலிடம் போகவில்லை. என்னோடு வேலை செய்யும் மணவாளன் பக்கத்துக் கிராமத்தில் நெல் வயல் உள்ள குடும்பத்துக்காரன். அவன் அப்பா எழுதிய உயிலை வாங்கி, ஊர், பெயர், சர்வே எண் மட்டும் மாற்றி அப்படியே பார்த்து எழுதினேன். அந்த உயிலில் மணவாளனே ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். அப்பா போனபின் வயலும் அவனுக்கே வந்து சேர்ந்தது, ஒரு சிக்கலும் இல்லை. வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும் என்று நானும் ஒரு சாட்சியானேன். இன்னொரு சாட்சி மணவாளன். வீடு முழுக்க எனக்கு என்று எழுதிய தாளை அண்ணன் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அன்று மெர்சி பாயசம் வைத்தாள். நாங்கள் நால்வரும் சந்தோஷமாகவே சாப்பிட்டோம்.

அதன்பின் அண்ணன் ஒரு காரியம் செய்தார். அத்திப்பட்டில் மின் நிலைய கேட்டுக்கு எதிரே நாஷ்டாக் கடை வைத்திருக்கும் ஆரோக்கியமேரியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அவள் விதவை, பிள்ளைகள் இல்லை. பல வருடமாக அவள் கையால் இட்லி தின்றவர், திடீரென்று ஒருநாள் அந்த ருசிக்குச் சாமியாரின் மந்திரிப்பு வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டார். நான் தடுக்கவில்லை. வாழ்த்தினேன், மோதிரம் எடுக்கவும் கூடப் போனேன். ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளலாம் என்று பொன்னேரியில் ஒரு வக்கீலைப் பார்த்து, என் நண்பர் ஒருவருக்காக என்று சொல்லி, உயில் எழுதியவர் பிறகு கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். எந்த மதம் என்று கேட்டார். கிறிஸ்தவர் என்றேன். அப்படியானால் தாலி ஏறிய அன்றே பழைய உயில் தானாக ரத்தாகிவிடும், இந்துக்களுக்கு அப்படி இல்லை என்றார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற வக்கீல். நானும் வேறு எதையும் கேட்கவில்லை.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிப்பதுதான் ஓலை. முதல் ஓலையைக் கேட்டபோது கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன். எனக்குத் தடை தெரியும், சாமியாரிடம் சொல்கிற மாதிரியான தடை இல்லை. இரண்டாம் ஓலை வாசித்த அன்று அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மெர்சி அவரைக் கிண்டல் செய்து சிரித்தாள். நான் அவள் கால் பதிந்திருந்த தரையைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு இவள் எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு தேடுவாள் என்று யோசித்தேன். நான் குடும்பஸ்தன், மேடம். ஜெபிக்கக்கூட மனம் ஓடவில்லை.

கல்யாண வீடு என்றால் வெள்ளையடித்து, தொட்டி கழுவ வேண்டும். அதுவும் அண்ணனின் ஏற்பாடுதான், நான் சொல்லவில்லை. மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை காலையில் மெர்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போனாள். மணப்பெண்ணுக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று போகும்போதுகூட என்னிடம் கேட்டாள். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி வழியாகத் தரைத் தொட்டிக்குள் இறங்கினார். ஓர் ஆள் கையை உயர்த்தினாலும் விளிம்பு எட்டாத ஆழம். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார், பாட்டும் பாடினார். நான் மேலிருந்து வாளி வாளியாக அழுக்குத் தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன். வேலையில் நான் குறை வைக்கிறவன் இல்லை.

வேலை முடிந்ததும் ஏணியை எடுத்துப் பின்சுவரில் சாய்த்து வைத்தேன்.

“தாஸு, ஏணி எங்கடா?” என்றார் அண்ணன்.

நான் மூடியைப் போட்டேன். பிறகு போர்வெல் மோட்டாரின் சுவிட்சைப் போட்டேன். மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் மோட்டார் பழையது, நல்ல சத்தம் போடும். அதையும் மீறி, “மூடிய தொறடா, வெளையாடாத” என்று ஒருமுறை கேட்டது. பிறகு வெகுநேரம் என் பெயரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதேன். கல்நெஞ்சன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். தொட்டி நிரம்பி ஓரத்தில் தண்ணீர் கசிந்தபோது எழுந்து மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீரை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்துதான் கூச்சல் போட்டுத் தெரு ஜனங்களைக் கூட்டினேன். சர்க்கரை வியாதிக்காரர், தண்ணீர் ஏறும்போது எதையோ எடுக்க மறுபடி உள்ளே இறங்கித் தலை சுற்றி விழுந்திருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பூசையில் ஓலைக்குப் பதிலாக அடக்க அறிவிப்பு வாசித்தார்கள்.

கல்லறை மண் காயும்வரை பொறுத்திருக்கலாம் என்பது இப்போது தெரிகிறது. அந்த வாரமே உயிலை எடுத்துக்கொண்டு அதே பொன்னேரி வக்கீலிடம் போனேன். அவர் தாளை ஒருமுறை படித்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கே சொத்து எழுதியிருந்தால், அந்தப் பகுதி செல்லாதாம். மணவாளன் இந்து, அவனுக்குச் செல்லும். எனக்குச் செல்லாது. அதாவது உயில் எழுதிய நாளிலிருந்தே அது வெறும் காகிதம். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. ஆலையில் அத்தனை பேருக்கும் உயிலைப் பற்றிப் பாடம் எடுத்தவனுக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அதோடு வக்கீலுக்கு என் ‘நண்பர்’ யார் என்பதும் புரிந்துவிட்டது. இவ்வளவு மெதுவாகப் படிக்கிற மனிதர் உங்களிடம் இவ்வளவு வேகமாக ஓடிவருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் வந்தீர்கள், தொட்டியைச் சுற்றி நடந்தீர்கள், ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“ஏணி பின்னால சுவத்துல சாஞ்சிருந்துச்சுன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. அப்ப உங்க அண்ணன் இன்னாத்த புடிச்சிக்கினு எறங்குனாரு?”

ஏணியைத் திரும்ப உள்ளே இறக்க மறந்துவிட்டேன். வீட்டில் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லி மெர்சி தினமும் திட்டுவாள்.

இப்போது வீடு முழுவதும் ஷைனிக்குப் போகும் என்கிறார்கள். கொன்றவனுக்குப் பாதியும் கிடையாதாம். போலீசிடம் எழுதித் தரும் இந்த வாக்குமூலமும் கோர்ட்டில் செல்லாது என்று எனக்காக வந்த வக்கீல் சொன்னார். செல்லாத கையெழுத்துப் போடுவது எனக்குப் புதிதில்லை, போட்டுத் தருகிறேன்.

ஆனால் நேற்று ஆரோக்கியமேரி இந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. உங்களைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“ஊட்ட என் பேர்ல எழுதறேன்னுதான் மொதல்ல சொன்னாரு மேடம். நான்தான் வேணான்னேன். எனக்குக் கடை கீது, ஒண்ட ஒரு ஊடும் கீது. அவுரே வக்கீலப் போயி பாத்தாரு. கல்யாணம் ஆனா பழைய உயிலு செல்லாது, தம்பி கையெழுத்து போட்டதாலயும் செல்லாதுன்னு சொல்லிக்கிறாங்க. கல்யாணத்துக்கு மறுநாளே தம்பி பேர்லயே புதுசா எழுதிடணும்னாரு. நானே சாட்சிக் கையெழுத்து போடறேன், அப்பதான் நாளைக்கு யாரும் என்னயச் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னேன். சரின்னாரு. தாஸு கைல குடுக்கறப்ப அவன் மூஞ்சியப் பாக்கணும், அதுவரைக்கும் சொல்லாதன்னாரு.”

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

நான் இரவெல்லாம் யோசித்தேன். இத்தனை பெரிய விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு, கூடப் பிறந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பாட்டுப் பாடிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். உள்ளேயிருந்து அத்தனை நேரம் என் பெயரைக் கூப்பிட்டவர், அப்போதாவது இதைச் சொல்லியிருக்கலாம். நான் உடனே மூடியைத் திறந்திருப்பேன். சொல்லாமல் செத்துப்போய், என்னைக் கொலைகாரன் ஆக்கிவிட்டார். இருந்தாலும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, மேடம். அண்ணனாயிற்றே, மன்னித்துவிட்டேன்.