வியாழக்கிழமைத் தராசு

2014ஆம் ஆண்டு நவம்பர் 13, வியாழக்கிழமை காலை, விஸ்கான்சினில் எங்கள் சிற்றூர் மருத்துவமனையின் எடை பார்க்கும் அறைக்குள், வெர்ன் ஹால்வர்சன் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் ஒரு குட்டை நாயுமாக நுழைந்தார். நாய்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அதைத்தான் முதலில் சொன்னேன். எந்த நிலையிலும் விதி விதிதான்.

நான் அடெலின் க்ரூகர். எடை குறைக்க வேண்டியவர்களுக்குத் துணைநிற்பது செவிலியாக என் பணி. மருத்துவர் "குறையுங்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். மீதி என் பொறுப்பு. தட்டில் பாதி காய்கறி, எங்கள் ஊர் வழக்கமான வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் ஒரே துண்டு, தவறிய வாரத்துக்காக வெட்கப்படாமை. இவற்றை அதட்டாமல் கற்பிக்க வேண்டும். நான் யாரையும் அதட்டியதில்லை.

வெர்ன் மனைவியை இழந்தவர், பால்பண்ணையையும் விற்றுவிட்டார். வலது முழங்காலில் எலும்போடு எலும்பு உரசியது. எடை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் செயற்கை மூட்டு என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு நான் அனுப்பும் எண்ணே சான்று. ஆகவே முந்தைய குளிர்காலத்திலிருந்தே வியாழன்தோறும் வந்தார். கழற்றிய காலணிகளைச் சுவரோரம் இணையாக வைப்பார். அப்படி வைத்தவர் அவர் ஒருவரே.

"என்ன மிஸ் க்ரூகர், இன்னிக்காவது சிரிப்பீங்களா? இல்ல, அதுக்கும் டாக்டர் சீட்டு வேணுமா?"

"மேல ஏறுங்க, மிஸ்டர் ஹால்வர்சன்."

"ஏறுறேன். தராசு அழுதா நீங்கதான் சமாதானப்படுத்தணும்."

நான் சிரித்துவிட்டதாக ஊரெல்லாம் சொன்னார். அது மிகை.

அந்த ஆண்டு மார்ச்சுக்குள் நன்றாக இளைத்துவிட்டார். "இன்னும் கொஞ்சம்தான். முட்டி சரியானதும் அரிசோனாவுல தங்கச்சி வீட்டோட போயிடுவேன். இந்தப் பனியை நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

மறு வியாழனன்று, அவர் வருமுன், தராசுக்கோலின் நுனியிலுள்ள திருகைச் சற்றே திருப்பினேன். எடை சிறிது கூடுதலாகக் காட்டியது. அவர் சென்றபின் பழையபடி வைத்துவிட்டேன். மற்ற நோயாளிகளின் எடை பிழையாவதை என்னால் பொறுக்க முடியாது. இலக்கைத் தொட்டவர்கள் தளர்ந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். அது சற்று எட்டவே இருப்பது நல்லது. அவர் இளைக்க இளைக்க, நானும் திருகினேன். வீட்டில் தராசு வாங்க வேண்டாம், தரை கோணலாக இருக்கும் என்றும் அறிவுறுத்தினேன்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அரைத் துண்டு கேக் தின்னேன். அதா இருக்குமோ?"

"இருக்கலாம்" என்றேன்.

பிறகு கேக்கையும் விட்டார், ரொட்டியையும் விட்டார். தூக்கத்தில் எழுந்து தின்கிறோமோ என்று தம்மையே ஐயுற்று, குளிர்பெட்டியின் கதவில் பழைய மாட்டு மணி ஒன்றைக் கட்டினார். அது ஒருநாளும் அடிக்கவில்லை என்று வியந்தார். மாடிப்படி ஏற முடியாமல், கீழே நாற்காலியிலேயே உறங்கினார். அக்டோபரில் தேவாலயத்தில் மயங்கி விழுந்தார். அந்த வாரமும் தவறாமல் வந்தார். பாராட்டினேன்.

அந்த நவம்பர் காலையில் நாயைக் காட்டிச் சொன்னார்:

"இவளுக்கு ஊசி போட மாட்டு டாக்டர்கிட்ட போனேன். தராசுல நிக்க மாட்டேன்னு ஒரே அடம். சரின்னு இவளைத் தூக்கிக்கிட்டு நானே ஏறினேன். இவளையும் சேர்த்தே, போன வாரம் நீங்க சொன்னதவிடக் குறைச்சலா காட்டுது. ஒண்ணு, நான் பலூன் நாய் வளக்கறேன். இல்லேன்னா..."

முடிக்காமல், நாயை இறக்கிவிட்டு, காலணிகளைக் கழற்றி வைத்து, என் தராசில் ஏறி நின்றார். அன்று அவர் முன்னதாகவே வந்துவிட்டதால் திருகை நான் இன்னும் தொட்டிருக்கவில்லை; தராசு உண்மை எடையையே காட்டியது. இலக்கை அவர் ஜூனிலேயே கடந்திருக்க வேண்டும்.

"எப்பலேருந்து?"

"மார்ச்சுலேருந்து."

அவர் காலணிகளை அணியவில்லை. கையில் எடுத்துக்கொண்டு, பனிபடிந்த வாசலில் காலுறையோடு இறங்கிப் போனார்.

விசாரணைக்குப் பின் செவிலியர் வாரியம் என் உரிமத்தை நீக்கியது. வெர்ன் வழக்குத் தொடர வேண்டாமென்று முடிவுசெய்தார். ஜனவரியில் அவருக்கு மூட்டு பொருத்தினார்கள். வசந்தத்தில் அரிசோனாவுக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய எடையைப் பார்ப்பவர் யார் என்று தங்கையிடம் தொலைபேசியில் கேட்டேன். யாருமில்லையாம். இத்தனை பாடுபட்டு நான் இளைக்கவைத்த மனிதரை, இப்படிக் கவனிப்பாரின்றி விட்டுவிட்டார்கள்.